மலைக்குச் செல்வோரும் மனையில் நிற்போரும்

ஊரை விட்டு விலகிச் சில காலம் காட்டிலோ மலையிலோ தனித்திருக்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பணியும் வீடும் உறவும் ஒருங்கே நெருக்கும்போது, "எங்கேனும் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தால் போதும்" என்று சொல்லாதவர் அரியர். இவ்விருப்பம் அறத்தின்பாற்பட்டதா, அன்றிக் கடமையிலிருந்து நழுவுதலா? ஒருவர் அவ்வாறு சென்றால், அவர் விட்டுச் சென்ற சுமையைத் தாங்குபவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் நம் மதுரைக் குன்றுகளே விடை தரக்கூடும்.

ஆனைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடிச் சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், அரிட்டாபட்டி, மாங்குளம் என மதுரையைச் சுற்றிலும் நம் முனிவர்கள் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. அங்குள்ள கற்படுக்கைகளை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் நீண்ட விளிம்பு ஒன்று வெட்டப்பட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்த விளிம்பே நம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகட்டும்.

முனிவர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர் அல்லர்; ஊர்தோறும் நடந்து செல்பவர். மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது நெறி. ஆடி வாக்கில் தொடங்கும் இந்தச் சாதுர்மாசம், பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய ஐப்பசி அமாவாசையை ஒட்டி நிறைவுறும். நம் மதுரைப் பகுதியிலோ பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே கூதிரிலும் முன்பனியிலும்கூட இக்குகைகள் அவர்களுக்குப் புகலிடமாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

ஏன் தங்க வேண்டும்? மழை பெய்தவுடன் வழியெங்கும் புல் முளைக்கிறது. புழுவும் பூச்சியும் எறும்பும் வெளிப்படுகின்றன. நடந்தால் அவை மிதிபடும். முனிவர் ஒதுங்கியது நனைந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் அன்று. தம் அடியின்கீழ் ஓர் உயிர் நசுங்கிவிடுமே என்னும் அச்சத்தால். உலகம் தமக்குத் துன்பம் தருகிறது என்று விலகுவது ஒன்று. தம்மால் உலகுக்குத் துன்பம் நேரக்கூடாது என்று விலகுவது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் தனிமையே. அறத்தின் தராசில் இரண்டும் ஒரே எடை ஆகா.

இக்குகைகள் யாரும் அணுக முடியாத இடங்களில் இல்லை என்பது அடுத்துக் கருதத்தக்கது. சமணர் மலை மதுரை நகரிலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவே. காரணம் வெளிப்படை. நம் முனிவர் தீ மூட்டுவதில்லை, சமைப்பதில்லை, காய் கனி பறிப்பதில்லை. நாளுக்கு ஒருமுறை, இல்லறத்தார் முறையோடு அளிப்பதைக் கையில் ஏற்று உண்பதே அவர்க்கு விதித்த நெறி. ஆதலால் சிராவகர் வாழும் ஊர், நடந்து செல்லும் தொலைவில் இருந்தே ஆக வேண்டும். யாரையும் சாராமல் காட்டில் தனித்து வாழ்வது வீரம் என்று உலகம் புகழ்கிறது. ஆனால் அவ்வாறு வாழ்பவர் மரத்தை வெட்ட வேண்டும், மண்ணைக் கிளற வேண்டும், பல சமயம் வேட்டையாடவும் வேண்டும். பிறரைச் சாராத வாழ்வு கொல்லாத வாழ்வாக அமைவது கடினம். நம் முனிவர் சார்ந்திருந்தது குறையன்று. அஹிம்சையின் விளைவு அது.

அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோவின் வாழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை வால்டன் ஏரிக்கரையில் சிறு குடில் கட்டித் தனித்து வாழ்ந்தார். எளிமையைப் போற்றிய அம்மேதையை நாம் மதிக்கிறோம். எனினும் குடில் நின்ற நிலம் அவர் நண்பர் எமர்சனுடையது. ஊரும் அதிகத் தொலைவில் இல்லை. அடிக்கடி அங்குச் சென்று வந்ததை அவரே எழுதியிருக்கிறார். தம் அவரைத் தோட்டத்தை மேய்ந்த சிறு விலங்கு ஒன்றைக் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. அட்மிரல் பேர்ட் என்பார் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைத் தென்துருவக் கண்டத்தில் தன்னந்தனியே ஒரு சிறு குடிலில் கழிக்கச் சென்றார். அடுப்பிலிருந்து கசிந்த நச்சுவாயு அவரை நோயாளியாக்கிற்று. வானொலிச் செய்திகள் தடுமாறுவதை உணர்ந்த தோழர் மூவர் இருளிலும் பனியிலும் பயணம் செய்து அவரை அடைந்தனர். தனிமையைத் தேடிச் சென்றவரையும் பிறர்தாம் தாங்கினர் என்பதே இரு வரலாறுகளும் காட்டுவது.

மதுரைக் குன்றுகளில் இவ்வுண்மை மறைக்கப்படவில்லை, கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் இருப்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அவர் கருத்து. கணி நந்தன் என்னும் முனிவர்க்காக நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. வெள்ளறை ஊரின் வணிகக் குழுவும் அங்குக் கொடையாளராக நிற்கிறது. கொங்கர் புளியங்குளத்தில் கூரை வேய்ந்து கொடுத்தவர் ஓர் உபாசகர். அழகர்மலையில் பொன், உப்பு, துணி, வெல்லம், கொழு ஆகியவற்றின் வணிகர்கள் காணப்படுகின்றனர்.

கொழு வணிகரை எண்ணும்போது என் மனம் சற்றே நிற்கிறது. உழவின்போது மண்ணுயிர் மாய்வதைக் குறித்து நம் நூல்கள் நமக்கு உணர்த்தியுள்ளன. அந்த மண்ணைப் பிளக்கும் இரும்பை விற்று வாழ்ந்தவர், ஒரு புழுவையும் மிதியாமல் இருக்க ஒதுங்கியவர்க்குப் படுக்கை அமைக்கத் துணைநின்றிருக்கிறார். அவரால் தொழிலை விட இயலவில்லை. விட்டவரைத் தாங்க இயன்றது. முனிவரும் அவர் கொடையை இகழவில்லை. படுத்தவர் பலரின் பெயர்கள் மறைந்துபோயின. கொடுத்தவர் பெயர்கள் நிற்கின்றன. துறவு என்பது ஒருவர் செய்யும் செயலாகத் தோன்றினும், அதில் பலர் பங்கு கொண்டிருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். என்னிடம் பயின்று, இன்று பேரன் பேத்தி கண்டுவிட்ட சிராவகி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுதினார்: "டீச்சர், மழைக்காலம் நான்கு மாதமும் மலைக்கோயில் ஒன்றின் அருகில் தங்கி விரதம் காக்க ஆசை. மாமியார் படுக்கையில் இருக்கிறார். மருமகள் வேலைக்குச் செல்கிறாள். நான் சென்றால் பாவமா? என் கணவர் மூன்று முறை இவ்வாறு சென்று வந்தார். அப்போது யாரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை."

அக்கடைசி வரி என்னை உறங்கவிடவில்லை. துறவு உள்ளம் ஆணுக்கு மட்டும் உரியதன்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் துறவியர் பலர் குறிக்கப்படுகின்றனர். மாணாக்கர்க்கு ஆசிரியராக விளங்கிய பெருமாட்டியர் அவர்கள். ஆயின் இன்று நம் வீடுகளில் விரதத்திற்குச் செல்பவர் ஒருவராகவும், அடுப்படியில் நிற்பவர் எப்போதும் மற்றொருவராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. கொழு வணிகர் தாமே விரும்பிக் கொடுத்தார், அது தானம். கேளாமலே ஒருவர் தோளில் சுமையை ஏற்றிவிட்டுச் செல்வது தானம் பெறுதல் ஆகுமா? கொடாததைக் கொள்ளுதல் என்னும் குற்றம் பொருளுக்கு மட்டுமன்று, பிறர் உழைப்புக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் கூறும் சிராவக விரதங்களில் தேசாவகாசிகம் ஒன்று. இத்தனை காலம், இந்த எல்லைக்குள் மட்டுமே இருப்பேன் என்று இல்லறத்தார் தம்மை வரையறுத்துக் கொள்ளுதல் அது. எல்லை ஒரு தெருவாகலாம், ஒரு வீடாகலாம். காலம் ஒரு நாளாகலாம், சில திங்களாகலாம். அளவு குறித்துச் செல்பவர் திரும்பி வரும் நாளையும் சொல்லிச் செல்கிறார். நிற்பவர்க்கு அது பெரும் ஆறுதல். தேசாவகாசிகத்தையும் சாமாயிகத்தையும் சொல்லும் அதே வரிசையில், பிறர்க்குப் பணிசெய்யும் வையாவிருத்தியமும் வைக்கப்பட்டுள்ளது. ஒதுங்குதலும் உதவுதலும் ஒரே நிரலில் நிற்பது தற்செயலன்று.

அச்சகோதரிக்கு நான் எழுதியது இதுவே: "நான்கு மாதம் இயலாவிடில் பத்து நாள் செல்க. உம் கணவரிடமும் மருமகளிடமும் முதலில் கேட்க. அவர்கள் மனமுவந்து ஏற்றால், அவர்களும் உம் விரதத்தில் பங்காளர். பின்னர் அவர்கள் செல்லும் முறை வரும்போது நீர் நிற்க வேண்டும்." அவ்வாண்டுத் தசலட்சண பர்வத்தின் பத்து நாளும் அவர் மலைக்கோயிலில் இருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் கணவரே தம் தாயைக் குளிப்பாட்டி உணவூட்டினார். எது பெரிய விரதம் என்று கூற எனக்குத் தகுதியில்லை.

விலகிச் செல்ல விரும்புவோர்க்கு மலை நிலைத்திருக்கவும் வேண்டும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மாங்குளம் கல்வெட்டுக் குன்றும் மீனாட்சிபுரத்தை ஒட்டியதே. அவ்வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றுக் கிராம மக்கள் போராடினர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது. அம்மக்களுள் மிகப் பலர் உழவர். கொழு பிடிக்கும் கைகளே இன்றும் அக்கற்படுக்கைகளைக் காத்து நிற்கின்றன.

ஆதலின், மலைக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மூன்று வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக. என் விலகலால் எவ்வுயிரின் துன்பம் குறையும்? என் சுமையை ஏற்பவர் மனமுவந்து ஏற்றாரா? அவர் விலகி இருக்க விரும்பும் நாளில் நான் நிற்பேனா? மூன்றுக்கும் விடை நேராயின் தயங்காமல் செல்க. அங்குக் கற்படுக்கையைக் காணும்போது, அதில் படுத்தவரோடு, அதைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவரையும் வணங்குக.