கருவூலத்தின் சாவி

குடிகளிடம் பணம் கேட்கும் மன்னனைக் குடிகள் கணக்குக் கேட்கலாமா? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து இக்கேள்விக்காக உதிரம் சிந்தியது. 1629 முதல் பதினோராண்டு பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்ட முதலாம் சார்லஸ், கடற்கரை ஊர்களுக்குரிய கப்பல் வரியை உள்நாட்டார் மீதும் சுமத்தினார். ஜான் ஹாம்டன் என்னும் நிலக்கிழார் இருபது ஷில்லிங் தர மறுத்து வழக்காடித் தோற்றார். தொகை அற்பம்; கேள்வி அற்பமன்று. உள்நாட்டுப் போர் மூண்டு, 1649-ல் அரசர் தலையிழந்தார். பார்லிமெண்டின் இசைவின்றி வரியில்லை என்பது 1689-ல் சட்டமாயிற்று.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. பாலாற்று நீரைத் தேக்கும் பேரேரியையுடைய நம் காவேரிப்பாக்கத்தருகே, 1752-ல் முஹம்மது அலிக்காகக் கிளைவ் போரிட்டு வென்றார். படைச்செலவு நவாபின் தலையில் விழுந்தது. கம்பெனிக்குப் பட்ட கடனை அடைக்கக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே அவர் வட்டிக்கு வாங்கினார். ஈடாகப் பல வட்டாரங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். தடுத்துக் கேட்க ஆற்காட்டில் ஒரு சபை இல்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவன் கட்டிய வரி, அவன் கண்டறியாத கடன்காரர்களைச் சேர்ந்தது.

நவாப் வாலாஜா கொடையாளி. அவரைக் குறை கூறலாமா என்பர் சிலர். கொடை மெய்தான். ஆயினும் பைத்துல்மால் ஆள்பவனின் மடிப்பணமன்று, அமானத். மஷ்வராவின் பெயரிலேயே ஒரு ஸூராவைக் கொண்ட திருமறையை ஓதும் நாம், ஆண்டவர் நம்மவர் என்பதற்காக இதை மறைக்கலாகாது. (மஹல்லாவின் வரவு செலவைக் கேட்டால் முகஞ்சுளிக்கும் முத்தவல்லிகள் இன்றும் உண்டன்றோ!)

சபை இருந்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடுமா? நவாபுக்குக் கடன் கொடுத்தோருள் முதன்மையான பால் பென்ஃபீல்டு 1780-ல் பார்லிமெண்டு உறுப்பினரானார். 1784-ல் விசாரணையின்றியே கடன்கள் ஏற்கப்பட்டு, நவாபின் வருவாயில் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் இதனைக் கண்டித்து நெடுநேரம் முழங்கினார். பாழ்பட்ட கர்நாடக ஏரிகளைப் பற்றியும் பேசினார். தீர்மானம் தோற்றது. இசைவில்லா வரிக்காகத் தம் மன்னரோடே போர் தொடுத்த சபை, எவர் இசைவும் கேளாமல் பிடுங்கிய நம் உழவனின் வரியைத் தன் உறுப்பினராயிருந்தோருக்கே வட்டியாக வாங்கிக் கொடுத்தது.

1801-ல் கர்நாடகம் கம்பெனி வசமான பிறகே, நவாபின் பிற்காலக் கடன்களை ஆராயக் கமிஷனர்கள் அமர்ந்தனர். அவர்கள் முன் வந்த கோரிக்கைகளுள் மிகப் பெரும்பகுதி செல்லாதவையெனத் தள்ளப்பட்டது. 1785-ல் பர்க் ஆராயச் சொன்னவற்றை அவ்வாறு எவரும் ஆராயவில்லை.