அளவுகோலுக்காகவா உயிர்?

பூனைக்கும் பரீட்சை உண்டு என்றால் நம்மிற் பலர் சிரிப்போம். எலி பிடித்தாற் போதாதா, அதற்கேன் புள்ளி என்போம். ஆனால் மேல்நாடுகளில் இப்பரீட்சை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது.

1871ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி, இலண்டன் கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் பெரிய பூனைக் கண்காட்சியொன்றை ஹரிசன் வெயர் என்ற ஓவியர் ஒழுங்கு செய்தார். பூனையின் அழகைக் கண்டால் மக்கள் அதனை அன்போடு நடத்துவர் என்பது அவர் எண்ணம். எதற்குப் புள்ளி இடுவது என்ற விதிகளையும் அவரே வகுத்தார்.

இன்றும் நடுவர், அந்தந்த இனத்துக்கென எழுதிவைத்த இலட்சிய வடிவத்தைக் கொண்டே பூனையை மதிப்பிடுகிறார். அமெரிக்கச் சங்கமொன்றின் விதிப்படி பாரசீகப் பூனைக்கு 100 புள்ளிகள்: தலைக்கு 30, உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, உரோமத்துக்கு 10, கண்ணின் நிறத்துக்கு 10, சமநிலைக்கும் நயத்துக்கும் 10. இங்கிலாந்தின் மரபுவழிக் கண்காட்சிகளிலோ எல்லாக் கூடுகளிலும் ஒரே வெள்ளை விரிப்பு. பூனை யாருடையது என நடுவர் அறியலாகாது என்பதே காரணம். நீதி தவறாத ஏற்பாடுதான்.

ஆனால் நடுவர் நேர்மையாயிருந்தாற் போதுமா? அளவுகோலே பிழையானால்?

பாரசீகப் பூனைக்குக் குட்டை மூக்கு அழகென்றனர். பரிசு பெற்றதையே இனவிருத்திக்குத் தெரிந்தனர். தலைமுறைக்குத் தலைமுறை முகம் தட்டையாயிற்று. இன்று அவற்றிற் பல மூச்சு விடச் சிரமப்படுகின்றன. கண்ணீர் வடிந்தபடியே இருக்கின்றது. சுகமாக மூச்சு விடுவதற்கு அப்பட்டியலில் தனிப் புள்ளி இல்லை. கொடுமை செய்ய எவரும் எண்ணவில்லை. ஆயினும் கொடுமை நடந்துவிட்டது. தாம் தொடக்கிய முயற்சியிற் பூனையின் நலத்தைவிடப் பரிசே பலருக்குப் பெரிதாயிற்று என்று வெயரே பின்னாளில் மனம் வருந்தினார்.

திருந்த வழியில்லாமலும் இல்லை. காது மடிந்த ஸ்கொட்லாந்துப் பூனை பலரைக் கவர்ந்தது. காதை மடிக்கும் அதே மரபுக்குறை மூட்டுகளையும் நோகச் செய்கின்றது. பிரித்தானியப் பூனைச் சங்கங்களின் பேரவை 1970களிலேயே அவ்வினத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. அழகை விட்டுக் கொடுத்தது. உயிரை விட்டுக் கொடுக்கவில்லை.

இக்கண்காட்சிகளில் வம்சாவளி இல்லாத வீட்டுப் பூனைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. அவற்றுக்கு இலட்சிய வடிவம் எதுவுமில்லை. உடல்நலம், துப்புரவு, நற்குணம் ஆகியவற்றையே பார்க்கின்றனர். அதாவது, அந்தப் பூனை எப்படி இருக்கவேண்டும் என்றல்ல, எப்படி இருக்கின்றது என்று பார்க்கின்றனர்.

எமது வீடுகளிலும் அளவுகோல்கள் உண்டு. பரீட்சைப் புள்ளி, உடலின் நிறம், அயல்வீட்டுப் பிள்ளையின் கெட்டித்தனம் என அவை பல. மதிப்பிடுவது தவறல்ல, அளவின்றி எதையும் வளர்க்க முடியாது. ஆனால் உயிருக்காக அளவுகோலா, அளவுகோலுக்காக உயிரா என்று இடையிடையே கேட்டுக்கொள்ள வேண்டும். பூனையால் வாய் திறந்து முறையிட முடியாது. பிள்ளைகளிலும் பலர் முறையிடுவதில்லை.