கொக்கியும் பழமும்

ஈக்வடார் தலைநகர் கீட்டோவை அடுத்த பிச்சின்சா எரிமலைச் சரிவில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், யானகோச்சா என்றொரு மேகக்காடு இருக்கிறது. பூத்துளைப்பான் என்ற சிறு பறவைகளில் இரண்டு வகை அங்கே அருகருகே வாழ்கின்றன. ஒன்று, தோளில் மட்டும் நீலச்சாம்பல் தீற்றிய மினுமினுப்புக் கறுப்பு. மற்றது அடர்நீலம், முகத்தில் கறுப்பு முகமூடி, சிவந்த கண். இரண்டும் டிக்ளோசா என்ற ஒரே பேரினத்துப் பங்காளிகள்.

ஹம்மிங் பறவை பூவின் வாய்வழியே தேன் குடித்துவிட்டு மகரந்தத்தைச் சுமந்து போகும். பூத்துளைப்பானிடம் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மேல் அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. தொரட்டி போட்டுக் கிளையை இழுப்பதுபோல் பூக்குழலை அதில் மாட்டி நிறுத்தி, கூரான கீழ் அலகால் அடியில் ஓட்டை போடும். நாக்கு உள்ளே போய் வரும். அவ்வளவுதான், அடுத்த பூவுக்குத் தாவிவிடும்.

கறுப்பனுக்குக் கொக்கி நன்றாக வளைந்தது. தேனும் பூச்சியுமே பிரதான உணவு. முகமூடிக்காரனுக்குக் கொக்கி சிறியது. அது தேனும் திருடும், பழமும் நிறையத் தின்னும், மற்றப் பறவைகளின் கூட்டத்தோடு கலந்தும் திரியும்.

இந்த வித்தியாசத்தின் கணக்கை மெக்சிகோவில் வாழும் இன்னொரு பூத்துளைப்பானை வைத்துச் சோதித்தார்கள் ஷோண்டுபே, மார்ட்டினெஸ் டெல் ரியோ என்ற இரு ஆய்வாளர்கள். கட்டுரை 2003இல் வெளிவந்தது. செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அலகின் கொக்கியை நறுக்கி, சாதாரணப் பறவையின் அலகுபோல் ஆக்கினார்கள். தேன் திருடுவதில் பறவை தடுமாறியது. பழம் தின்பதில் தேறிவிட்டது. அதுவரை பழத்துக்குக் குறுக்கே நின்றது அந்தக் கொக்கிதான்.

எனக்கும் அப்படியொரு கொக்கி உண்டு. நான் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் ‘அழைப்புப் பத்திரிகை’யில் ‘ப்’ இருக்கிறதா என்று கண் தேடும். இரவில் ஒரு நாவலை எடுத்தால் கதாநாயகி அழுகிற இடத்தில் எனக்கு உறுத்துவது ஒரு ‘ண’கரம். என் மனைவி அதே பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்கில் தீட்டிய கண் சோறு போடுகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் நாவல் தொண்டைக்குள் இறங்குவதில்லை.

‘எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்’ என்பவர்களும், ‘ஒன்றைப் பிடி, அதில் உச்சிக்குப் போ’ என்பவர்களும் கைவிட்டுப் போவதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கொக்கியை நறுக்கிய பறவைக்குப் பழம் கிடைத்தது, பூ நழுவியது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற அலகு ஒன்று அந்தச் சோதனையில் அகப்படவில்லை. முகமூடிக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படலாம்தான். ஆனால் நீண்ட பூக்குழலின் முன்னால் அது கறுப்பனுக்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

இந்தத் திருட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூத்துளைப்பான்கள் போட்டுவிட்டுப் போன ஓட்டை வழியாகச் சில ஹம்மிங் பறவைகளும் வந்து குடிக்கின்றன. அலகு எட்டாத பூவில் அவற்றுக்கும் தேன் கிடைக்கிறது. திருடன் என்ற பட்டம் மட்டும் துளை போட்டவனுக்கே.