அனுமதி இருந்தால் பொறுப்பு நீங்குமா?

“சர்க்கார் தடுக்கவில்லை; ஆகவே நம்மீது குற்றமில்லை” என்று கூறிப் பிறருடைய நஷ்டத்தைக் கைகழுவி விடுவோர் உண்டு. இந்த வாதம் எதுவரை செல்லும் என்பதைச் சிந்திப்பது அவசியம்.

பெட்ரோலில் ஈயம் கலந்த வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். என்ஜின் தட்டாமல் ஓட ஈயச் சேர்மம் உதவும் என்பதை 1921-ல் அமெரிக்காவில் கண்டார்கள். 1924-லேயே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் சித்தம் கலங்கி மாண்டார்கள். ஆபத்து தெரிந்த பின்பும் வியாபாரம் நிற்கவில்லை. புகையில் வெளிவரும் ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில்தான். அதுவரை தேனியிலிருந்து குமுளி வரை ஓடிய பெட்ரோல் வண்டிகளும் அந்தப் புகையைத்தான் விட்டன. சட்டம் அனுமதித்தது, ஆனால் அந்தக் காற்றைச் சுவாசித்த குழந்தையிடம் அனுமதி கேட்டவர் யார்?

ஈயத்திற்குப் பதிலாக அமெரிக்காவில் எம்.டி.பி.இ. என்ற திரவத்தைக் கலந்தார்கள். அது நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்து, நீரில் எளிதாகக் கரைந்து, கிணறுகளை அடைந்தது. நியூயார்க் நகரம் எக்ஸான்மொபில் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனையை நிறைவேற்றவே அதைக் கலந்தோம் என்றது கம்பெனி. ‘பெட்ரோலில் ஆக்ஸிஜன் சேர வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது, இந்தத் திரவத்தைத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை’ என்பதே நீதிமன்றத்தின் முடிவு. 2009-ல் விதிக்கப்பட்ட சுமார் 10 கோடியே 47 லட்சம் டாலர் நஷ்டஈட்டை 2013-ல் மேல்கோர்ட்டும் உறுதி செய்தது.

நமது ஹனஃபி ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு ஒப்பான சட்டம் உண்டு. பொதுவழியில் ஒருவர் தம் இஷ்டத்திற்குக் கிணறு தோண்டி, அதில் பிறருடைய கால்நடை விழுந்து செத்தால், அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஆட்சியாளரின் அனுமதியுடன் தோண்டியிருந்தால் அது அவர்மீது இல்லை. ஆகவே அனுமதிக்கு மதிப்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொதுவழியில் நடக்கும் உரிமை பற்றிச் சொல்லும்போது, தவிர்க்கக்கூடிய தீங்கைத் தவிர்க்க வேண்டும் என்று அதே நூல்கள் நிபந்தனை விதிக்கின்றன. தவிர்க்க இயலாததற்கே மன்னிப்பு. தெரிந்து, தவிர்க்க வழியும் இருந்து, லாபத்திற்காகச் செய்ததற்கு அல்ல.

இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய பேச்சன்று. ஒர்க்‌ஷாப்பின் கழிவு எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுபவரும், மருந்தடித்த டப்பாவை முல்லையாற்றில் கழுவுபவரும், கேட்பாரில்லை என்பதை அனுமதியாகக் கொள்ளலாகாது. அடுத்த தோட்டத்துக் கிணற்று நீர் ஹக்குல் இபாத், அதாவது அடியாரின் உரிமை. அதை நஷ்டப்பட்டவர் மன்னித்தாலன்றித் தீராது. கோர்ட்டுக்குப் போகாத கணக்குகளும் மறுமையில் உண்டு என்பதை மறவாதிருப்போமாக!

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுதவி புரிவானாக! ஆமீன்.