கண்டதைச் சொல்லுதல் யார் கடமை?

2015-இல் ரவாங் கடைத்தெருவைப் புகைமூட்டம் சூழ்ந்திருந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். சிலாங்கூரில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். எரிந்ததோ கடலுக்கு அப்பால், இந்தோனேசியாவில்.

இலைதழை மக்கி ஆழமாய்ப் படிந்த சதுப்பு மண் அது. வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடித்துவிட்டால் எளிதில் பற்றிக்கொள்ளும். பற்றினால் தரைக்கடியில் வாரக்கணக்கில் கனலும். இயந்திரம் வைத்துக் காட்டைத் திருத்துவதைவிடத் தீக்குச்சி மலிவு. மலிவின் கணக்கை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

போகோர் விவசாயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாம்பாங் ஹெரோ சஹார்ஜோ, எரிந்த நிலத்தின் மண்ணையும் சாம்பலையும் ஆராய்ந்து, தீ எப்படி மூண்டது, யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் சொல்பவர். நூற்றுக்கணக்கான வழக்குகளில் சாட்சி கூறியிருக்கிறார். 2018-இல் ஒரு தோட்ட நிறுவனம் அவர்மீதே 510 பில்லியன் ரூப்பியா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, பின்னர் வாபஸ் பெற்றது. 2019-இல் அவருக்கு ஜான் மேடக்ஸ் பரிசு கிடைத்தது.

தீயை அணைக்கும் கருவி செய்பவரையே நாம் விஞ்ஞானி என்கிறோம். கொளுத்தியவன் தப்பமுடியாது என்று ஆக்குவதும் தீத்தடுப்பே அன்றோ? "அவருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம், நமக்கோ கடை" என்பார் உண்டு. நியாயந்தான். பக்கத்துக் கடையின் எடைக்குறைவை, யாரும் கேளாதபோது, நாமாக ஊருக்குச் சொல்லாதிருப்பதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் வாடிக்கைக்காரர் ஒருவர் நம்மை நம்பி நேரில் கேட்டபின்பும், "எனக்கென்ன தெரியும், பாய்?" என்று சிரித்து மழுப்புகிறோமே, அதை வியாபார விவேகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.