ஆயுவினையும் அறுவை மருத்துவமும்

 

என் 73ஆம் அகவையில் அவசர நிலையில் இதய அறுவை செய்யப்பெற்று மீண்டேன். நலம் வினவ வந்த உறவினர் பலரும் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களால் கேட்டனர். "ஆயுள் முடிந்திருந்தால் மருத்துவர் காப்பாற்றியிருக்க இயலுமா? முடியாதிருந்தால் மருத்துவர் எதற்கு?" என்பதே அது. வினைக்கொள்கையில் ஊன்றிய நம் இல்லங்களில் இவ்வினா எழுவது இயல்பே. ஆயின், இதனைத் தெளிந்துகொள்ளாவிடில், மார்புவலியால் துடிப்பவரை 'வருவது வரட்டும்' என்று வீட்டிலேயே வைத்திருக்கும் தீங்கு நேரக்கூடும்.

எண்வினைகளுள் ஐந்தாவதாகிய ஆயுவினை, ஓர் உயிர் ஒரு பிறவியில் தங்கும் காலத்தை வரையறுப்பது. உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் இயலில், ஆயுள் இடையிற் குறைபடாதவர் யாவர் என வகுத்துரைக்கிறார். தேவர், நரகர், அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தும் உத்தம உடம்பினர், எண்ணிறந்த ஆண்டுகள் வாழும் போகபூமியினர் ஆகியோரே அவர். நாம் அவ்வரிசையில் இல்லை. நஞ்சு, படைக்கலம், கடுநோய் முதலியவற்றால் நம் ஆயுவினை காலத்திற்கு முன்பே ஒருசேர உதிர்ந்துவிடக்கூடும். இதனையே அகால மரணம் என்பர் நம் நூலோர்.

ஜினாலயத்து அகல்விளக்கை எண்ணிப் பாருங்கள். விடியும்வரை எரிவதற்குப் போதிய எண்ணெய் அதில் உண்டு. எனினும், விளக்குச் சாய்ந்தால் அவ்வெண்ணெய் முழுவதும் நொடிப்பொழுதில் வழிந்துவிடும். மருத்துவர் சாயும் விளக்கை நிமிர்த்துபவர்; புதிதாக ஒரு துளியும் ஊற்றுபவர் அல்லர். அவர் நிமித்த காரணமே. ஆயினும், நிமிர்த்தும் கை இல்லையேல் எண்ணெய் இருந்தும் விளக்கு அணையும் அன்றோ?

"அப்படியாயின், முதுமையில் சல்லேகனை மேற்கொள்வது சிறப்பில்லையா?" என்று ஒரு மூதாட்டியார் கேட்டார். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் காட்டும் நெறி தெளிவானது. நீக்க வழியே இல்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியன வந்துற்றபோதே அதற்குரிய காலம். தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தை மறுப்பது சல்லேகனை ஆகாது.

இனி, மீண்டவர் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பைபாஸ் அறுவையில் வழக்கமாக இதயத்தை நிறுத்திவைத்து, இயந்திரத்தால் குருதியைச் சுழலச் செய்வர். அத்தகைய இயந்திரத்தின் துணையால் முதல் வெற்றிகரமான இதய அறுவையை ஜான் கிப்பன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1953இல் செய்தார். நம் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையை மருத்துவர் கே. எம். செரியன் 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் செய்தார். இவர்களைப் போன்றோரின் உழைப்பும், முன்பின் அறியாதவர் ஈந்த குருதியும் நம்மைக் காக்கின்றன.

சொல்லத் தயங்கினும் சொல்ல வேண்டிய செய்தி மற்றொன்று. இயந்திரத்தில் குருதி உறையாதிருக்கச் செலுத்தும் ஹெபாரின் என்னும் மருந்து, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. உயிர் ஊசலாடும் அவசரத்தில் மாற்று தேட நேரமில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு இது நெஞ்சை உறுத்துவது. அவ்வுறுத்தலை மறைத்து, 'எல்லாம் என் புண்ணிய பலன்' என்று மகிழ்ந்திருத்தல் நேர்மையாகாது. மீண்ட ஒவ்வொரு நாளும் பிற உயிர்களிடம் நாம் பட்ட கடனாகும்.

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களையும் நினைந்து பொறுத்தருள வேண்டுவோம். இல்லத்து இளைஞரைக் குருதிக்கொடைக்கு அனுப்புவோம். அறுத்த மார்பெலும்பு கூட 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அந்நாள்களில் ஒரு குடத்தையும் தூக்கலாகாது; பிறர் தாங்கவே எழவேண்டும். 'யான், எனது' என்னும் செருக்குத் தளர இதனினும் நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இரவுண்ணா நோன்புடையோர், மருந்து வேளைகளை இயன்றவரை பகலில் அமைத்துத் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். தசலட்சண நாள்களில் உபவாசம் இருக்க விரும்புவோர் முன்னரே அவரைக் கலந்துகொள்க. தாமாக மருந்தை நிறுத்தலாகாது. உணவைத் துறக்க இயலாதவர் அந்நாள்களில் சினத்தைத் துறந்திருக்கலாம். அதுவும் தவமே.

எஞ்சிய எண்ணெய் எவ்வளவு என்பதை நாம் அறியோம். அஃது எரியும்வரை அதன் ஒளி நம் உயிர்க்கும் பிற உயிர்க்கும் பயன்படுவதாகுக.

அறம் வாழ்க! கொல்லாமை ஓங்குக!