காணாமையும் இல்லாமையும்

ஒன்றை நாம் காணவில்லை என்பது வேறு; அது இல்லை என்பது வேறு. அரபுத் தருக்க நூலார் முன்னதை 'அதமுல் விஜ்தான்' என்றும், பின்னதை 'அதமுல் உஜூத்' என்றும் பிரித்து, முன்னது பின்னதற்குச் சான்றாகாது என்பர். மதரஸாக்களில் பயிலப்படும் இப்பாடத்தை இன்றைய வானநூலும் நமக்கு நினைவூட்டுகின்றது.

பேரண்டத்தின் தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமுமே இருந்தன. கரிமம், இரும்பு முதலியன பின்னர் விண்மீன்களால் ஆக்கப்பட்டவை. ஆகவே முதல் விண்மீன்கள் இரும்பின்றியே பிறந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றையேனும் ஐயத்திற்கிடமின்றி இதுவரை எவரும் கண்டிலர். எனினும் அவை இருந்ததில்லை என்று அறிஞர் கூறவில்லை. அவை விட்டுச் சென்ற சுவடு, பின்வந்த பழைய விண்மீன்களில் பதிந்திருக்கின்றது.

ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வு நிலையத்திலுள்ள தொலைநோக்கியின் துணையால் கண்டறியப்பட்ட அத்தகைய விண்மீன் ஒன்றைப் பற்றி 2014ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. அது நம் பால்வீதியிலேயே ஏறத்தாழ 6,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் ஒளியைப் பகுத்து நோக்கியபோது கரிமமும் கால்சியமும் புலப்பட்டன, இரும்பு புலப்படவில்லை. சூரியனைப்போல் சுமார் 60 மடங்கு நிறையுடைய முதல் விண்மீன் ஒன்று வலுக்குன்றி வெடித்து, இரும்பைக் கருந்துளைக்குள் இழந்து, இலேசான பொருள்களை மட்டும் வெளியே சிதறியிருக்க வேண்டும் என்று அன்று கணித்தனர்.

இங்கு நாம் கருதத்தக்கது அவ்வறிஞரின் நாவடக்கமாகும். இரும்பு அறவே இல்லை என்று அவர்கள் எழுதவில்லை. இருப்பின், அது சூரியனில் உள்ளதில் 1 கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவே என்றனர். 2017இல் மற்றொரு நுண்கணிப்பு அவ்வெல்லையைத் தளர்த்தி, 30 இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு என்ற அளவில் நிறுத்தியது. அளவிட்டுச் சொன்ன சொல்லாதலின், அதைத் திருத்துவதற்கும் வழி இருந்தது.

நம் வீட்டுத் திண்ணைகளிலோ இந்த அளவு பேணப்படுவதில்லை. அண்டை வீட்டார் ஒருவர் கொடுப்பதை நாம் கண்டதில்லை. உடனே அவர் உலோபி என்று தீர்ப்புரைக்கின்றோம். மறைவாகக் கொடுப்பதே தருமத்தின் சிறப்பென்று போற்றுவோரும் நாமே! அவருடைய வாழ்வை எத்தனை நாள், எவ்வளவு அருகிருந்து நோக்கினோம் என்று நம்மை நாமே கேட்டோமா?

காணாத ஒன்றைப் பற்றி எதையும் கூறலாம் என்பதன்று இதன் பொருள். உண்டு என்பார் சுவட்டைக் காட்டுதல் வேண்டும். இல்லை என்பார் தாம் தேடிய அளவைக் காட்டுதல் வேண்டும். இரண்டும் இயலாதபோது 'யாம் கண்டிலம்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும். ஒரு விண்மீனின் இரும்புக்குக் காட்டப்படும் இந்நேர்மையை ஒரு மனிதரின் மானத்திற்கும் நாம் காட்டுதல் கடனன்றோ?